வயரை வெட்டும் முன்: தம் கையால் கார் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்



கொட்டகையின் ஒரு புறம் புதிதாக வந்திறங்கிய குழாய்ச் சட்டமும் ஃபைபர் உடலும், மறுபுறம் கதவும் இருக்கையும் கழற்றப்பட்ட பழைய மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்றும் நிற்க, நடுவே தரையில் குவிந்து கிடக்கும் வயர்க் கட்டான ஹார்னஸைப் பார்த்து, இதில் பாதி நமக்கு வேண்டாததுதானே என்று எண்ணிக் கையில் கட்டிங் பிளையரை எடுத்திருக்கும் உங்களை நோக்கியே இம்மடலை எழுதுகிறேன். வெட்டவே கூடாது என்று தடுப்பது என் நோக்கமன்று; வெட்டுவதற்கு முன்னும் வெட்டிய பின்னும் நீங்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று பெரும்பாலும் செய்யப்படாமலே போகிறது என்பதையும், அதன் பலனை அநுபவிக்கிறவர்கள் பெரும்பாலும் வேறு மனிதர்களாக இருக்கிறார்கள் என்பதையும் உங்களிடமே நேராகச் சொல்லிவிட வேண்டுமென்று நெடுநாளாக எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

கார்களின் மின்சாரக் கோளாறுகளைத் தீர்ப்பது என் ஜீவனம். ஒரு காலத்தில் கார்த் தொழிற்சாலைகளாலேயே கீர்த்தி பெற்றிருந்த, இங்கிலாந்தின் கவென்ட்ரிக்கு அருகில் என் பட்டறை இருப்பதால், இப்படி உறுப்புகளை வாங்கிக் கையால் கட்டப்பட்ட கிட் கார்கள் என் வாசலுக்கு அடிக்கடி வருகின்றன. ஆனால் அவற்றைக் கட்டியவரே ஓட்டிக்கொண்டு வருவது அபூர்வம். கட்டியவரிடமிருந்து வாங்கியவர் வருவார். அல்லது அவரிடமிருந்து வாங்கியவர் வருவார். இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டால் வலது பக்கப் பின்விளக்கு மங்கலாகச் சிமிட்டுகிறது என்பார். வண்டியை மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்பார். மழை பெய்தால் ஹாரன் தானாக ஒலிக்கிறது என்பார். வரைபடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், கட்டியவர் எல்லாவற்றையும் மனத்திலேயே வைத்திருந்தாராம் என்று பதில் வரும். மனத்திலே வைத்திருந்தவர் ஒருவேளை ஸ்பெயினில் குடியேறியிருப்பார், ஒருவேளை காலமாகியிருப்பார். அதன்பின் நான் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, கறுப்பு டேப்பை அங்குலம் அங்குலமாகப் பிரித்து, முகம் தெரியாத ஒரு மனிதரின் எண்ணப்போக்கை ஊகிக்க முயல்வேன். அதற்கு மணிக்கணக்கில் கூலி வாங்குகிறேன் என்பது உண்மை. வாங்கும்போது எனக்குச் சந்தோஷமில்லை என்பதும் உண்மை.

உங்கள் பிரயாசையை நான் குறைத்து மதிப்பவன் அல்லேன். 1957இல் அறிமுகமான தன் செவன் வண்டியை லோட்டஸ் நிறுவனம் உறுப்புகளாகவும் விற்றதும், அப்படி வாங்குகிறவர் கொள்முதல் வரியிலிருந்து தப்பலாம் என்ற சௌகரியத்தால் அவ்வழக்கம் இந்நாட்டில் வேரூன்றியதும், 1973இல் அந்த வரி போய் வேறு வரி வந்தபின்னும் ஆசை மட்டும் போகாமல் நின்றதும் நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியவை அல்ல. 250 பவுனில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டிக்கொள்ளலாம் என்று ரான் சாம்பியன் 1996இல் துணிந்து எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு வெல்டிங் கற்கப் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். (250 பவுனில் கட்டி முடித்தவர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை, அது வேறு விஷயம்.) அப்புத்தகம் டோனராக, அதாவது உறுப்புகளைக் கழற்றி எடுப்பதற்கான வண்டியாக, நம்பியிருந்ததோ பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டை. கார்ப்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட அந்த எஞ்சின் ஓடுவதற்கு வேண்டிய வயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவசரத்தில் எல்லாவற்றையும் வெட்டிக் குழப்பினாலும், பொறுமையுள்ள ஒருவர் ஓரிரு மாலைப்பொழுதில் அனைத்தையும் புதிதாக இழுத்துவிடலாம். இன்று நீங்கள் வாங்கும் டோனர் வண்டியிலோ, எவ்வளவு பெட்ரோல் பீச்ச வேண்டும், எந்தக் கணத்தில் பொறி விழ வேண்டும் என்பவற்றை ஒரு கம்ப்யூட்டர் நிர்ணயிக்கிறது. அதற்குக் காற்றின் அளவையும், தண்ணீரின் வெப்பத்தையும், கேம்ஷாஃப்ட் சுழலும் நிலையையும், புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனையும் இடைவிடாது அறிவிக்கின்ற வயர்கள், கதவு ஜன்னலுக்கும் ரேடியோவுக்கும் போகின்ற வயர்களோடு ஒரே கட்டில், ஒரே டேப்பின் அடியில் பிணைந்து கிடக்கின்றன. எஸ்கார்ட் காலத்துத் துணிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தக் கட்டின்மேல் கை வைப்பதுதான் எனக்கு விசனம் தருகிறது.

டேப்பைப் பிரிக்காமல் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, ஒவ்வொரு வயரும் ஒரு கப்ளரிலிருந்து புறப்பட்டு இன்னொரு கப்ளரில் போய் முடிகிறது என்றே தோன்றும். உண்மையில் கட்டின் நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடங்களில், நான்கும் ஐந்தும் வயர்கள் ஒன்றாகச் சேர்ந்து தொழிற்சாலையிலேயே அழுத்தி இணைக்கப்பட்டிருக்கும். இக்னிஷன் சாவியைத் திருப்பியதும் மின்சாரம் பெறுகின்ற ஒரு வயர் அப்படிப்பட்ட ஓரிடத்தில் பிரிந்து, ஒரு கிளை ஹீட்டர் விசிறிக்கும், ஒரு கிளை பின்னே செல்லும்போது எரியும் விளக்குக்கும், இன்னொரு கிளை எஞ்சினின் ஏதோ ஒரு ரிலேவுக்கும் போகலாம். ஹீட்டர் வேண்டாம் என்று தீர்மானித்த நீங்கள், அந்த வயரைக் கிளை பிரியும் இடத்துக்கு அப்பால் வெட்டினால் ஒரு கேடும் இல்லை. இப்பால் வெட்டினாலோ, தலைமடையை அடைத்துவிட்டுக் கடைமடையில் ஏன் நீர் வரவில்லை என்று தேடுகிறவரின் நிலைதான் உங்களுக்கு. சென்சார்களின் எர்த்து வயர்களும் இவ்வாறே உள்ளுக்குள் ஒன்றுகூடுவது உண்டு. இதில் விஷமம் என்னவென்றால், தவறான இடத்தில் வெட்டுவதன் பலன் உடனே தெரிவதில்லை. எஞ்சின் அன்று ஓடிவிடும். சில நாள் கழித்து, எஞ்சின் சூடேறிய பிறகு மட்டும், திணறத் தொடங்கும். அதற்குள் நீங்கள் வேறு பத்து வயர்களை வெட்டியிருப்பீர்கள். எந்த வெட்டு எந்த வியாதியை உண்டாக்கியது என்று உங்களுக்கே ஞாபகம் இராது.

வெட்டியதால் வரும் கஷ்டம் இது. வெட்டாமலே வரும் கஷ்டம் ஒன்றும் உண்டு, அதற்குப் பெயர் எர்த்து. டோனர் வண்டி இரும்பு உடல் கொண்டது; ஆகையால் அதைச் செய்தவர்கள் ஒவ்வொரு விளக்குக்கும் மின்சாரம் போக மட்டுமே நெடுவயர் கொடுத்து, திரும்பி வருவதை உடலின் தகட்டிடமே ஒப்படைத்துவிட்டார்கள். அதே ஹார்னஸை ஃபைபர் உடலுக்குள் நீங்கள் விரிக்கும்போது, திரும்பி வரும் பாதி வழியை ஸ்கிராப் யார்டுக்கு அனுப்பிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஃபைபரில் மின்சாரம் பாயாது. பின்விளக்குத் தொகுதிக்கு முறையான எர்த்து கொடுக்கப்படாவிட்டால், இண்டிகேட்டருக்கு வந்த மின்சாரம் பக்கத்திலிருக்கும் பிரேக் பல்பின் இழை வழியாகவோ, மறுபக்கத்து விளக்கின் வழியாகவோ தனக்கு ஒரு வழி தேடிக்கொள்ளும். முன்னே சொன்ன அந்தச் சிமிட்டலின் ரகசியம் இதுவே. எஞ்சினுக்கும் சேஸிக்கும் நடுவே தடித்த எர்த்துப் பட்டை ஒன்று இருக்க வேண்டும். எஞ்சின் ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டையைப் பூட்ட மறந்துவிட்டு செல்ஃப் மோட்டாரை இயக்கினால், நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரம் வேறு வழியின்றி ஆக்ஸிலரேட்டர் கேபிளின் இரும்புக் கம்பி வழியே ஓடி, அதைப் பழுக்கக் காய்ச்சிவிடுவதும் உண்டு.

எர்த்து வயர் கொடுத்தால் மட்டும் போதாது. தக்க தடிமனில் கொடுக்க வேண்டும். இதைக் கணக்கிட்டே காட்டுகிறேன், ஏனெனில் உங்களில் கணக்குக்கு அஞ்சாதவர்களே அதிகம். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள செப்பு வயர் ஒரு மீட்டருக்கு 0.017 ஓம் அளவில் தடை கொடுக்கும். ஸ்விட்சிலிருந்து முகப்பு விளக்குகளுக்கு ஐந்து மீட்டரும், அங்கிருந்து எர்த்தாகத் திரும்பி வர ஐந்து மீட்டரும் அத்தகைய வயரையே நீங்கள் போட்டிருந்தால் மொத்தத் தடை 0.17 ஓம். 55 வாட் பல்புகள் இரண்டு சேர்ந்து 9 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும்போது, வழியிலேயே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடுகிறது. பன்னிரண்டில் ஒன்றரைதானே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். ஹாலஜன் பல்பின் ஒளி வோல்ட்டேஜைக் காட்டிலும் மிக வேகமாகக் குறைவதால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். பல்பு மட்டமானது என்று சொல்லி அதைவிடப் பெரிய பல்பைப் போட்டு, வயரை இன்னும் சூடேற்றி வைத்திருந்த ஒரு வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

நிறங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லூகாஸ் நிறுவனத்தின் மரபைப் பின்பற்றிய பழைய பிரிட்டிஷ் கார்களில் பழுப்பு நிற வயர் என்றால், ஃபியூஸ் கூட இல்லாமல் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் ஏந்தி நிற்பது என்று அர்த்தம். ஜெர்மன் வண்டிகளிலோ அதே பழுப்பு எர்த்தைக் குறிக்கும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் சேஸியை எடுத்து, அதன்மேல் பிரிட்டிஷ் ஸ்விட்சுகளையும் மீட்டர்களையும் அவற்றுக்குரிய வயர்களோடு பொருத்திய கிட் கார்கள் இன்றும் சாலையில் இருக்கின்றன. அத்தகைய ஒரு வண்டியின் டேஷ்போர்டுக்கு அடியில் இரண்டு பழுப்பு வயர்கள் அருகருகே தொங்குவதையும், நிறத்தை நம்பி அவற்றை இணைத்துவிட ஒருவர் வருவதையும் நினைத்துப் பாருங்கள். ஜப்பானிய வண்டிகளில் எர்த்து கறுப்பாக இருப்பது ஒரு சௌகரியம். ஆனால் அதையும் நீங்கள் சௌகரியமாக இருக்க விடுவதில்லை. கடையில் ஒரே ஒரு சிவப்புச் சுருளை வாங்கி, நீட்ட வேண்டிய எல்லா வயர்களையும், எர்த்து உட்பட, அந்தச் சிவப்பாலேயே நீட்டி, மேலே அழகாகக் கறுப்புச் சடையை உடுத்திவிடுகிறீர்கள். கழுத்துவரை பச்சையும் மஞ்சளும் நீலமுமாகப் பேசிக்கொண்டு வந்த வயர்கள், இணைப்புக்கு அப்பால் எல்லாம் ஒரே நிறமாகி ஊமையாகிவிடுகின்றன. நான்கைந்து நிறங்களில் சிறு சுருள்கள் வாங்குவதற்கு எவ்வளவு செலவாகிவிடும் என்பதை, உங்கள் சக்கரங்களுக்கு நீங்கள் கொடுத்த விலையை வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

ஒன்றை ஒன்று நம்பி நிற்கும் விசித்திரமான உறவுகளும் ஹார்னஸுக்குள் உண்டு. அவற்றைப் படத்தைப் பார்க்காமல் யாராலும் ஊகிக்க முடியாது. 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5இல், காற்றின் அளவை அறியும் கருவிக்குள் ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கிறது. எஞ்சின் காற்றை இழுத்து உள்ளிருக்கும் தகடு அசைந்தால்தான் பெட்ரோல் பம்பின் ரிலே தொடர்ந்து பிடித்து நிற்கும். வேறு கம்ப்யூட்டர் வைக்கப் போகிறோமே என்று அக்கருவியைக் கழற்றி எறிந்தவர், செல்ஃப் அடிக்கும்போது இருமி, சாவியை விட்டவுடன் நின்றுபோகும் எஞ்சினோடு ஒரு வாரம் போராடுவார். பழைய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில், டேஷ்போர்டில் இருக்கும் பேட்டரி விளக்கின் வழியே போகும் சிறிய மின்சாரமே ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்புகிறது. அந்த பல்பை எடுத்துவிட்டு நவீனமாக இருக்கட்டும் என்று எல்.இ.டி. வைத்தால், போதிய மின்சாரம் போகாமல் சார்ஜ் ஏறுவதே நின்றுவிடலாம். 1990களின் நடுவிலிருந்து வந்த ஃபோர்டு வண்டிகளில் சாவிக்குள் இருக்கும் சில்லும், சாவித் துளையைச் சுற்றிய வளையமும், கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும். ஸ்டியரிங் தண்டோடு அந்த வளையத்தையும் விற்றுவிட்டு எஞ்சினை மட்டும் கொண்டு வந்தவர்களைப் பற்றி நான் விஸ்தரிக்க விரும்பவில்லை.

இத்தனையும் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்காக அன்று. எஸ்கார்ட்டுக்கும் மாஸ்டாவுக்கும் அவற்றைச் செய்தவர்கள் வரைந்த மின்சுற்றுப் படங்கள் உண்டு. எந்தப் பட்டறைக்காரனும் அவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்கலாம். நீங்கள் முதல் வயரை வெட்டிய அந்தக் கணத்தில் அந்தப் படம் உங்கள் வண்டிக்குப் பொருந்தாமல் போய்விடுகிறது. அதன்பின் உங்கள் வண்டியைப் பற்றிய புத்தகம் உலகத்தில் எங்குமே இல்லை. அதை எழுதக்கூடிய மனிதரும் நீங்கள் ஒருவர் தவிர வேறு யாரும் இல்லை. நீங்களும் எழுதாமல் விட்டால் அது எழுதப்படாமலே போகும் என்பதை உங்களிடம் வாதாடி நிரூபிக்க வேண்டுமா?

உங்கள் சமாதானங்களை நான் அறிவேன். கையால் கட்டிய வண்டி சாலைக்கு வருமுன் தேற வேண்டிய ஐ.வி.ஏ. பரிசோதனையிலேயே வண்டி தேறிவிட்டதே என்பீர்கள். பரிசோதகர் விளக்குகள் சரியாக எரிகின்றனவா, உரிய இடத்தில் இருக்கின்றனவா, புகை அளவுக்குள் நிற்கிறதா என்று பார்ப்பார். டேப்பைப் பிரித்து உள்ளே நீங்கள் செய்த இணைப்புகளைப் பார்ப்பது அவர் வேலையன்று. கைபேசியில் எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருக்கிறேன் என்பீர்கள். வண்டியை விற்கும்போது கைபேசியையுமா கொடுத்துவிடுவீர்கள்? ஆயத்தமாகக் கிடைக்கும் புதிய வயரிங் செட்டையே வாங்கிக்கொண்டால் இத்தொல்லை இல்லையே என்பீர்கள். உடலின் விளக்குகளுக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் எஞ்சினுக்கு உரிய ஹார்னஸை நீங்கள் டோனரிலிருந்தே எடுக்கப் போகிறீர்கள். அதை எடுப்பதே புத்திசாலித்தனமும்கூட. தொழிற்சாலை இயந்திரம் அழுத்திய முனைகளையும், நீர் புகாமல் அடைத்த ரப்பர்களையும் நம் கொட்டகையில் உண்டாக்குவது சுலபமன்று. ஆகவே பழையதும் புதியதும் சந்திக்கும் இடம் எப்படியும் ஒன்று இருக்கும். என் அநுபவத்தில் விபரீதங்கள் அனைத்தும் அந்தச் சந்திப்பில்தான் குடியிருக்கின்றன. அந்த இடமே எந்தப் புத்தகத்திலும் இராத இடம்.

இனி என் விண்ணப்பத்துக்கு வருகிறேன். டோனர் வண்டியை வாங்கியதும், அது ஓடுகிற நிலையில் இருந்தால், கழற்றுவதற்கு முன் எல்லா விளக்கும் கருவியும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கோளாறு உங்களுடையதா, பழையதா என்று அறிய வேறு வழியில்லை. ஒவ்வொரு கப்ளரும் தன் இடத்தில் பூட்டப்பட்டிருக்கும்போதே அதற்குச் சீட்டுக் கட்டுங்கள். கழற்றிய பின் கட்டலாம் என்று ஒத்திப்போட வேண்டாம். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளர்களைத் தொடுமுன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, நிறுவனத்தின் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். ஹார்னஸை முழுசாக வெளியே எடுத்து, ஒரு பெரிய பிளைவுட் பலகைமேல், வண்டியில் கிடந்த வாக்கிலேயே பரப்புங்கள். டேப்பைப் பிரித்து, வேண்டாத சுற்றுகளை ஒவ்வொன்றாக, முனையிலிருந்து உள்ளிணைப்புவரை பின்தொடர்ந்து போய் எடுங்கள். ஒன்றை எடுத்ததும் ஹார்னஸை எஞ்சினோடு மீண்டும் பூட்டி, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இது மெதுவான வேலை. உங்களுக்கு யாரும் கெடு வைக்கவில்லை. எஞ்சின் சென்சார்களின் வயர்கள் நீளமாக இருந்தால் வெட்டிக் குறைக்காதீர்கள், மடித்துக் கட்டிவிடுங்கள். மேலே உலோக வலை போர்த்திய வயர்களை இடையில் இணைக்காதீர்கள். இணைத்தே தீர வேண்டிய இடங்களில், வயரைக் கடித்துப் பிடிக்கும் அந்த நீலப் பிளாஸ்டிக் கிளிப்புகளைத் தயவுசெய்து மறந்துவிட்டு, தக்க கருவியால் அழுத்திய இணைப்பைப் போட்டு, பசையுள்ள ஸ்லீவால் மூடுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்தால்தான் பலம் என்ற நம்பிக்கை உங்களிடையே பரவியிருக்கிறது. ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்துப்போய், அதன் ஓரத்தில் அதிர்வால் முறிவதை நான் நிரம்பப் பார்த்திருக்கிறேன்.

இவற்றில் சிலவற்றை நீங்கள் செய்யாமல் விட்டாலும் நான் மன்னித்துவிடுவேன். ஒன்றை மட்டும் விடக் கூடாது. வேலை நடக்கும்போதே, பலகையின் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, இந்தக் கப்ளரின் இந்தத் துளையிலிருந்து இந்த நிறத்தில் புறப்படும் வயர், இன்ன இடத்தில் இன்ன நிறமாக மாறி, இத்தனையாம் எண் ஃபியூஸ் வழியாக இன்ன கருவிக்குப் போகிறது என்று ஒவ்வொரு வயருக்கும் ஒரு வரி எழுதுங்கள். எங்கெங்கே எர்த்துப் போல்ட்டு இருக்கிறது, எந்த ரிலே எதற்கு, எதை வெட்டி முனையை மூடி உள்ளேயே விட்டிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சித்திரம் வரையத் தெரியாது என்று கூச வேண்டாம்; கோணல் கோட்டையும் எங்களால் படிக்க முடியும். முடிந்ததும் அதை நகல் எடுத்து, ஒன்றை ஈரம் புகாத உறையிலிட்டு ஃபியூஸ் பெட்டிக்கு அருகில் கட்டுங்கள். இன்னொன்றை வண்டியின் பதிவுச் சான்றோடு வைத்து, வண்டி கைமாறும்போது அதுவும் கைமாறும்படி செய்யுங்கள்.

ஏற்கெனவே கட்டி முடித்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், குளிர்காலத்தில் வண்டி சும்மா நிற்கும் வாரங்களில், டேஷ்போர்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஞாபகம் இன்னும் பசுமையாக இருக்கும்போதே இதைச் செய்துவிடலாம். விற்றுவிட்டவர்கள், வாங்கியவரின் விலாசம் கையில் இருந்தால், தெரிந்ததை எழுதி அனுப்பலாம். அரைகுறையாக இருந்தாலும் அவர் உங்களை வாழ்த்துவார். ஸ்டோன்லீ கிட் கார்க் கண்காட்சியில் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறர் கட்டிய வண்டியை வாங்க நினைக்கும் அன்பர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பெயிண்டைத் தட்டிப் பார்ப்பதற்கு முன், வயரிங் தாள் எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். எவ்வளவு குறைப்பதென்று தெரியாவிட்டால், உங்கள் ஊரில் என்னைப்போல் ஒருவன் ஒரு நாளைக்கு என்ன கூலி வாங்குகிறான் என்று விசாரித்து, அதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
கார் மின்சாரப் பணியாளன் ஒருவன்